கொலம்பஸுக்கு நீலச் சட்டை போட்டுக்கொண்டு போகலாமா?

கேள்வி: 12 நவம்பர் 2024

மாத முடிவில் மிச்சிகன் – ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகங்களின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம், இந்தத் தடவை அவர்கள் ஊரான கொலம்பஸில். நம்ம மிச்சிகன் அணி 5-5, ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. போன சனிக்கிழமை இண்டியானாவிடம் 20-15 தோல்வி. இந்த லட்சணத்தில் மூன்று மணி நேரம் கார் ஓட்டி, குளிரில் உட்கார்ந்து, அவர்கள் ஊரிலேயே அடியும் வாங்கித் திட்டும் வாங்கி வர யாராவது காசு கொடுப்பார்களா? டிவியில் பார்த்தால் போதாதா? நம்ம அணியின் நீலச் சட்டையோடு போனால் பிரச்சினை வருமா? போனவர்கள் சொல்லுங்கள்.

12 நவம்பர், இரவு

நான் போகிறேன். டிக்கெட்டை ஆகஸ்டிலேயே வாங்கிவிட்டேன். அப்போது நாம்தான் தேசிய சாம்பியன். ஜனவரியில் ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13 என்று அடித்த மிதப்பு இறங்கவே இல்லை. அதற்குள் கோச் போய்விட்டார், பந்தை எறியும் க்வாட்டர்பேக் போய்விட்டார் என்பதையெல்லாம் யார் யோசித்தது? இப்போது விற்கப் பார்த்தால் வாங்கியதில் பாதிகூடத் தேறாது.

சட்டை விஷயம்: நீலம்தான் போடுவேன். மஞ்சள் தொப்பியும் உண்டு.

13 நவம்பர்

“இது வெறும் காலேஜ் பசங்க ஆட்டம், அதுக்கு ஏன் இவ்வளவு?” என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தியாவிலிருந்து வந்த புதிதில் நானும் கேட்டதுதான். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் படிக்க வந்த முதல் செப்டம்பரில், ஊருக்குள் இருப்பவர்களைவிட ஸ்டேடியத்துக்குள் இருப்பவர்கள் அதிகமோ என்று தோன்றியது. அது 1,07,601 பேர் உட்காரும் இடம். கொலம்பஸில் 1,02,780. குதிரை லாடம் மாதிரி வடிவம் என்பதால் அதன் செல்லப் பெயரே ‘லாடம்’தான். 1922இல் அதைத் திறந்து வைத்த ஆட்டத்துக்கு நம்மைத்தான் கூப்பிட்டார்கள். நாம் 19-0 என்று ஜெயித்து, விழாவைக் கெடுத்துவிட்டு வந்தோம்.

சண்டை அதற்கும் பழையது. 1835இல் டோலிடோ யாருக்கு என்று இரண்டு பக்கமும் ஆள் திரட்டிக்கொண்டு நின்றார்கள். போர் என்று பேர், செத்தவர் யாரும் இல்லை. காயம்பட்டவர் மிச்சிகன் பக்கத்துத் துணை ஷெரிஃப் ஒருவர் மட்டும். பேனாக்கத்தியால் குத்தியவன் பெயர் டூ ஸ்டிக்னி. ஆமாம், ‘இரண்டு’ என்றுதான் அப்பா பெயர் வைத்திருந்தார். அண்ணன் பெயர் ஒன். டோலிடோ ஒஹாயோவுக்குப் போனது. நமக்கு ஆறுதல் பரிசாக வடக்கே அப்பர் பெனின்சுலா என்ற பெரிய காடு கிடைத்தது. அப்போது அழுதார்கள். அப்புறம் அங்கே செம்பும் இரும்பும் கிடைத்தன.

19 நவம்பர்

வழி கேட்டவர்களுக்கு. யூஎஸ் 23 தெற்கே, டோலிடோவைச் சுற்றிக்கொண்டு ஐ-75, ஃபின்லே வரை. அங்கே பிரிந்து மறுபடி 23ஐப் பிடித்தால் அப்பர் சாண்டஸ்கி, மேரியன், வால்டோ, டெலவேர், கொலம்பஸ். ஏறத்தாழ 190 மைல். டோலிடோ தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோள வயல், தட்டை நிலம், அவ்வளவுதான். வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகை வந்தால் உண்மையாகவே குறையுங்கள், குறிப்பாக மிச்சிகன் நம்பர் பிளேட் இருந்தால். இதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் இந்த வழியில் போய்வந்த எல்லோரும் இதைச் சொல்வார்கள்.

ஆட்டம் நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை என்பதால் சாலையில் கூட்டம் இருக்கும். மதியம் பன்னிரண்டு மணிக்கே ஆட்டம் ஆரம்பம். விடியற்காலையில் கிளம்பிப் போய்விடலாம், ஆனால் நாங்கள் வெள்ளிக்கிழமையே போகிறோம். கொலம்பஸ் பக்கத்து டப்ளினில் கல்லூரி நண்பன் இருக்கிறான். மேல்படிப்பு ஒஹாயோ ஸ்டேட்டில் படித்தவன், அதனால் எதிரி. எதிரி வீட்டில் இட்லி கிடைக்கும், விடுதி வாடகை மிச்சம். அந்த வார இறுதிக்கு விடுதிகள் கேட்கும் விலையைப் பார்த்துவிட்டுத்தான் பழைய நட்பைப் புதுப்பித்தேன்.

கூட வருவது என்னோடு வேலை பார்க்கும் தம்பி. கிரிக்கெட் தவிர ஒன்றும் தெரியாது. “நான் கறுப்பு ஜாக்கெட் போட்டுக்கிறேன் அண்ணா, நான் நடுநிலை” என்று இப்போதே சொல்லிவிட்டான்.

24 நவம்பர்

நேற்று நாம் நார்த்வெஸ்டர்னை 50-6. உடனே இங்கே நான்கு பேருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அதே நேரத்தில் ஒஹாயோ ஸ்டேட் இண்டியானாவை 38-15 என்று அடித்ததையும் பாருங்கள். நம்மைத் தோற்கடித்த அதே இண்டியானா. பந்தயக்காரர்கள் நாம் இருபது புள்ளிக்கு மேல் தோற்போம் என்கிறார்கள். நான் பதினேழு என்கிறேன். ரசிகன் என்றால் மூன்று புள்ளியாவது கூடக் கொடுக்க வேண்டாமா?

“தெரிந்தே தோற்கப் போவதற்கு ஏன் போகிறாய்” என்று மறுபடி கேட்கிறார்கள். 1950 நவம்பரில் இதே கொலம்பஸில் பனிப்புயலில் ஒரு ஆட்டம் நடந்தது. மிச்சிகன் எறிந்த ஒரு பாஸைக்கூட யாரும் பிடிக்கவில்லை, நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறும் ஃபர்ஸ்ட் டவுன் ஒன்றுகூட எடுக்கவில்லை. ஜெயித்தது 9-3. இப்படி ஒரு கதை கைவசம் இருந்தால் 5-5 அணியைக்கூட நம்பலாம். நேற்றோடு 6-5, அதையும் சொல்லிவிடுகிறேன்.

28 நவம்பர்

பெட்ரோல் சபதம் பற்றி. ஒஹாயோவின் பழைய கோச் உடி ஹேஸ் மிச்சிகனில் அணிக்கு ஆள் பிடிக்க வந்தபோது, டேங்க் காலியாகும் நிலையிலும் இங்கே ஒரு காசுக்குப் பெட்ரோல் போட மாட்டேன், தேவைப்பட்டால் எல்லை வரை காரைத் தள்ளுவேன் என்றாராம். எவ்வளவு உண்மையோ, இரண்டு மாநிலத்திலும் சொல்லப்படும் கதை. நாங்கள் இதைத் திருப்பிச் செய்கிறோம், ஒஹாயோவில் பெட்ரோல் போட மாட்டோம். மிச்சிகனில் இருக்கும் கேன்டனில் டேங்க்கை நிரப்பினால் போய்த் திரும்பலாம். கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று.

29 நவம்பர், இரவு, டப்ளின்

வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்தது நண்பனின் மகள், எட்டு வயது, சிவப்புச் சட்டை. “மாமா, இந்தத் தொப்பியோட உள்ள வரக் கூடாது.” தொப்பியைக் கழற்றிச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்த பிறகுதான் உள்ளே விட்டாள். ஒஹாயோவிலேயே பிறந்த பிள்ளை. மிச்சிகன் என்ற பெயரையே சொல்வதில்லை, “வடக்கே இருக்கிற அந்த டீம்” என்கிறாள். அதுவும் உடி ஹேஸ் ஆரம்பித்து வைத்ததுதான். அவர் செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

சாயங்காலம் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு சுற்று. இந்த வாரம் முழுக்க வளாகத்தில் இருக்கும் பெயர்ப் பலகைகளில் எம் எழுத்தின் மேல் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டுவிடுகிறார்கள். கட்டடப் பெயர், வரைபடம், எதுவும் தப்பவில்லை. தம்பி ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தான். “இவங்க நம்மளைப் பத்தி நினைக்கிற அளவுக்கு நாம இவங்களைப் பத்தி நினைக்கிறோமா அண்ணா?” நினைக்கிறோம் தம்பி. வெளியே காட்டிக்கொள்வதில்லை.

வீட்டில் பேச்சு முழுக்க நாளைக்கு எத்தனை புள்ளி வித்தியாசம் என்பதுதான். நண்பன் இருபத்தெட்டு என்றான். அவன் மனைவி, “மூணு வருஷமா இதையேதான் சொல்றீங்க” என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். 2021இல் 42-27, 2022இல் 45-23, 2023இல் 30-24, மூன்றும் நமக்கு. அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

30 நவம்பர், இடைவேளை

10-10. விரல் உறைகிறது. நம்ப முடியவில்லை.

30 நவம்பர், ஆட்டம் முடிந்து

13-10. 13-10. 13-10.

1 டிசம்பர்

வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்துதான் எழுதுகிறேன்.

காலையில் லேன் அவென்யூவில் நடந்தபோது எதிர்பார்த்த வசவுகள் எல்லாம் கிடைத்தன. ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்று கத்தினார்கள். எதிரணிகளின் சைகைகளை நம்மவர்கள் உளவு பார்த்ததாகச் சொன்ன போன வருஷ சமிக்ஞை திருட்டு விவகாரத்தை அவர்கள் மறக்கப் போவதில்லை. நம்மைப் பற்றிக் கெட்ட வார்த்தை கலந்த ஒரு கோஷம் உண்டு, அதைச் சின்னப் பையன்கள்கூடத் தாளத்தோடு பாடுகிறார்கள். ஒருவர் “ஓ-எச்!” என்று கத்தினால் ஊரே “ஐ-ஓ!” என்று ஒஹாயோவின் ஆங்கில எழுத்துகளை முடித்து வைக்கிறது. தம்பியைப் பார்த்து ஒருவர் கத்த, அவன் பயத்தில் “ஐ-ஓ” என்றுவிட்டான். நடுநிலை அங்கேயே போயிற்று.

செயின்ட் ஜான் அரங்கில் ஆட்டத்துக்கு முன்னால் அவர்கள் பேண்டு வாசிப்பார்கள், அதையும் பார்த்துவிடுங்கள் என்று நண்பன் சொல்லியிருந்தான். வரிசை நீளம், நாங்கள் போகவில்லை. ஆனால் மைதானத்தில் அந்த பேண்டைப் பார்த்தேன். முழுக்கப் பித்தளை வாத்தியமும் மேளமும்தான். நடந்தபடியே ஒஹாயோ என்று கூட்டெழுத்தில் எழுதுகிறார்கள், கடைசியில் ஐ எழுத்தின் புள்ளியாக ஒரு சூசாஃபோன்காரர் போய் நின்று குனிந்து வணங்குகிறார். எதிரி ஊர்தான், இருந்தாலும் சிலிர்த்தது. இதை முதலில் செய்தது எங்கள் பேண்டு, 1932இல், என்று மிச்சிகன்காரர்கள் ஒரு கட்சி கட்டுவார்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லவில்லை.

இடம் சி டெக், மேலே. நம்மைச் சுற்றி எல்லாம் சிவப்பு. பக்கத்தில் எழுபது தாண்டிய ஒரு பெரியவர், சாம்பல் நிற ஜாக்கெட், பல வருஷமாக அதே இருக்கையாம். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, இவர்களுக்கு இந்த ஆட்டம் தெரியாது என்று முடிவு செய்து எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். நான்கு முயற்சி, பத்து கஜம் என்று. கிண்டல் இல்லை, உண்மையான அக்கறை. ஆன் ஆர்பரில் படித்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். “அப்படியா, நல்லது” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். தம்பிக்கு அது பிரயோஜனமாக இருந்தது.

அப்புறம் பாருங்கள். முதல் பாதியிலேயே அவர்கள் க்வாட்டர்பேக் போட்ட பந்தை நம்ம ஆமிர் ஹால் பறித்துக்கொண்டு எல்லைக்கோட்டுப் பக்கம் வரை ஓடினார், கேலல் மல்லிங்ஸ் கோட்டைத் தாண்டி உள்ளே தள்ளி டச்டவுன் எடுத்தார். அதற்கப்புறம் டொமினிக் ஸ்வாடா 54 கஜத்திலிருந்து உதைத்து ஒரு ஃபீல்டு கோல், மூன்று புள்ளி. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஜெரமையா ஸ்மித் பிடித்த டச்டவுனில் சமமாகியது. இரண்டாம் பாதி முழுக்க இழுபறி. அவர்கள் இரண்டு ஃபீல்டு கோலைத் தவறவிட்டார்கள். நாம் அந்த நாள் முழுக்கப் பாஸில் எடுத்தது 62 கஜம்தான். பார்க்க அழகே இல்லாத ஆட்டம். அதுதான் வேண்டும். அழகாக ஆடினால் அவர்கள் ஜெயித்திருப்பார்கள்.

கடைசிக் கால் பகுதியில் பெரியவர் விளக்குவதை நிறுத்திவிட்டார். ஆனால் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் சரி, முன்வரிசைக் குடும்பமும் சரி, பின்னால் பீர் கோப்பையோடு நின்ற இளைஞர்களும் சரி, எல்லோரும் திட்டியது தங்கள் கோச் ரயன் டேயைத்தான். பக்கவாட்டில் பறக்கும் ஆட்களை வைத்துக்கொண்டு ஏன் நடுவிலேயே முட்டுகிறான், எப்போது அனுப்புவார்கள், யாரைக் கூட்டி வருவார்கள். நான் நீலச் சட்டையோடு எழுந்து நின்று கத்தினேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. வசவுக்குத் தயாராகி வந்தவனுக்கு இது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

மல்லிங்ஸ் அந்த 27 கஜம் ஓடியபோது தம்பி என் மஞ்சள் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டான். 45 வினாடி இருக்கும்போது ஸ்வாடா 21 கஜத்திலிருந்து அடித்தார். அப்புறம் அவர்கள் நான்கு பாஸ் போட்டார்கள், நான்கும் தரையில்.

பெரியவர் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். தம்பியிடம், “உனக்கு இதெல்லாம் வழக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே” என்றார்.

1 டிசம்பர், கொஞ்ச நேரம் கழித்து

பெட்ரோல்: வாகன நிறுத்தத்திலிருந்து வெளியே வரவே ஒன்றரை மணி நேரம், ஹீட்டர் போட்டபடி. மேரியன் தாண்டியபோது முள் இறங்கியிருந்தது, ஃபின்லேயில் விளக்கு எரிந்தது. சபதம் அங்கே முடிந்தது. காசு கொடுத்த இடத்தில் இருந்த பெண்மணி மஞ்சள் தொப்பியைப் பார்த்து, “இன்றைக்கு நீங்கள் உள்ளே வந்து கொடுத்திருக்கவே வேண்டாம், பம்பிலேயே கொடுத்திருக்கலாம்” என்றார். உடி ஹேஸ் தள்ளியிருப்பார். எங்களுக்குப் பசி.

2 டிசம்பர்

நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள்: சண்டையைப் பார்த்தாயா? மேலிருந்து பார்த்தோம். நம்ம ஆட்கள் நடு மைதானத்தில் கொடி நடப் போனார்கள், அவர்கள் தடுத்தார்கள், கைகலப்பு, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தது. அவ்வளவு உயரத்தில் எங்களுக்கு நீலமும் சிவப்பும் கலந்து தெரிந்ததே தவிர யார் யார் என்று புரியவில்லை. இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம் என்று இரண்டு அணியும் ஆடும் லீகான பிக் டென் நேற்று அறிவித்துவிட்டது.

கொடி நடுவது எனக்குப் பிடிக்கவில்லை. 13-10 என்ற பலகையே போதும். ஆனால் 2022இல் அதே இடத்தில் நட்டபோது நான் வீட்டில் சோஃபாமேல் ஏறிக் குதித்தேன் என்பதும் நிஜம். அங்கே போய் அந்த மனிதர்கள் பக்கத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்ததால் வந்த மாற்றமா, வயசா, தெரியவில்லை.

3 டிசம்பர்

இங்கே ஒரு வாசகி எழுதியிருப்பதைப் படியுங்கள். 2022இல் மாணவர் பகுதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். மேலே பீர் ஊற்றினார்கள், கழுத்துத் துணியை இழுத்தார்கள், பாதியிலேயே வெளியே வந்துவிட்டார். என் அனுபவத்தை வைத்து “ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போங்கள்” என்று சொல்வது அவருக்கு நியாயமாக இருக்காது. நான் ஆண், கூட ஒரு ஆண், பழைய சீசன் டிக்கெட்காரர்கள் நிறைந்த இடம், காலை பதினொன்றரைக்கு ஒருவரும் முழுதாகக் குடித்திருக்கவில்லை. ராத்திரி ஆட்டமாக இருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். பீர் உள்ளேயே விற்கிறார்கள், 2016லிருந்து. நம்ம ஸ்டேடியத்திலும் இந்த வருஷம் ஆரம்பித்தாயிற்று, அதனால் ரொம்பப் பேச முடியாது.

அதனால் மேலே சொன்னதைக் கொஞ்சம் சுருக்குகிறேன். தோற்கும்போது அந்தக் கூட்டத்துக்குக் கோபம் தன் அணி மேல்தான். ஜெயிக்கும்போதுதான் உங்களைத் தேடுவார்கள். பயப்பட வேண்டியது அப்போதுதான்.

5 டிசம்பர்

“1999இல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் ஜெயித்தபோது எழுந்து நின்று கைதட்டினார்களே, கொலம்பஸில் தட்டினார்களா?” இல்லை சார். ஒருவரும் தட்டவில்லை. பாதிப் பேர் நான்காவது பாஸ் தரையில் விழுவதற்கு முன்பே படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

13 டிசம்பர்

ஒஹாயோ சட்டமன்றத்தில் ஒரு உறுப்பினர் மசோதா கொண்டுவந்திருக்கிறார். ஆட்ட நாளில் அந்த ஸ்டேடியத்தின் நடுவில் கொடி நட்டால் பெருங்குற்றமாம். டூ ஸ்டிக்னிக்குக்கூட இவ்வளவு யாரும் யோசிக்கவில்லை. நண்பனுக்கு அனுப்பினேன். “அடுத்த தடவை நீ வீட்டுக்குள்ள தொப்பி போட்டு வந்தாலும் உள்ளதான்” என்று பதில்.

21 ஜனவரி 2025

சரி, கேளுங்கள். நேற்று ஒஹாயோ ஸ்டேட் நோட்டர் டாமை 34-23 என்று ஜெயித்து தேசிய சாம்பியன். காலையிலிருந்து இந்த இழையில் சிரிப்பு முகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. டென்னஸீ, ஆரிகன், டெக்ஸஸ், அப்புறம் நோட்டர் டாம். டிசம்பரில் எல்லோரும் வேலையைவிட்டுத் தூக்கச் சொன்ன அதே ரயன் டே.

பழைய முறையில் நவம்பர் 30 தோல்வியோடு அவர்கள் வருஷம் முடிந்திருக்கும். இப்போது பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகளில் பன்னிரண்டு அணி ஆடுகிறது, ஒரு தோல்வி மன்னிக்கப்படுகிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. 2006இல் முதலிடமும் இரண்டாமிடமும் மோதி 42-39 என்று நாம் தோற்றபோது, அந்த மூன்று புள்ளி ஒரு வருஷத்தையே எடுத்துக்கொண்டது. முந்தைய நாள்தான் நம்ம பழைய கோச் போ ஷெம்பெக்லர் இறந்திருந்தார். இன்றைய விதிப்படி அந்த அணி அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும், அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நண்பனிடம் ஃபோனில் இதைச் சொன்னேன். “கோப்பை உனக்கு, ஆட்டம் எனக்கு, மாத்திக்கலாமா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மாத்த மாட்டேன்டா” என்றான். யோசித்தான் பாருங்கள், அது எனக்குப் போதும்.

22 ஜனவரி

கடைசியாக வந்த கேள்விகளுக்கு. அடுத்த கொலம்பஸ் ஆட்டம் 2026 நவம்பரில். டிக்கெட்டை ஆகஸ்டில் வாங்காதீர்கள். நம்ம அணி மோசமாக ஆடினால் நவம்பர் இரண்டாம் வாரம் மறுவிற்பனை விலை இறங்கும். நன்றாக ஆடினால் ஏறும், அப்போது கொடுத்துத்தான் ஆக வேண்டும். கை சூடாக்கும் பொட்டலத்தை ஷூவுக்குள்ளும் வையுங்கள், கால்தான் முதலில் போகும். சி டெக்கில் காற்று அதிகம்.

வால்டோவில் ஜி அண்டு ஆர் டேவர்ன் என்று ஒரு கடை. தடியாக வெட்டிப் பொரித்த போலோனி இறைச்சி, வெங்காயம், இனிப்பு ஊறுகாய் வைத்த சாண்ட்விச்சுக்குப் பேர் போனது. தம்பி ஒன்று சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கட்டி வாங்கிக்கொண்டான். சைவக்காரர்களுக்கு அங்கே பை உண்டு. நான் அதைத்தான் சாப்பிட்டேன், அப்புறம் காரில் நண்பன் மனைவி கட்டிக் கொடுத்த புளியோதரை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அதனால் சனிக்கிழமை இரவே திரும்புகிறவர்கள் மட்டும் நம்பிப் போங்கள்.